பல்லாவரம் வரை ஒரு வெளியூர் ஆடிட்

1989, மார்ச் 31, வெள்ளிக்கிழமை. காலை 6.50.

பீர்க்கன்கரணையில் எங்கள் வீட்டிலிருந்து ஜி.எஸ்.டி. ரோடு பஸ் ஸ்டாப்புக்கு எட்டு நிமிட நடை. தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் ஒரு கட்டு வெள்ளைத்தாள், இரண்டு பச்சை மைப் பேனா, ஒரு பசை டப்பா, 'எண்ணியாயிற்று, நகர்த்தக் கூடாது' என்று இங்கிலீஷில் அச்சடித்த இருநூறு சீட்டுகள். ஒவ்வொரு சீட்டிலும் நான் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு ஒட்ட வேண்டும். அதற்காக முந்தின நாள் வீட்டில் கையெழுத்துப் பழகிப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் மவுண்ட் ரோடு பக்கம் ஒரு பெரிய ஆடிட் ஆபீஸில் பயிற்சியில் இருந்தேன். ஆர்ட்டிகிள்ஸ் என்போம். மூன்று வருடப் பயிற்சியில் இரண்டாவது வருடம். என்னைப் போல் அறுபது பேர் அங்கே இருந்தார்கள். அறுபது பேருக்கும் ஒரே கனவு, வெளியூர் ஆடிட். ரயிலில் படுக்கை, லாட்ஜில் ரூம், சாப்பாட்டுக்குத் தனிப் படி. பையன்கள் கொச்சிக்கும் கோவாவுக்கும் போய்விட்டு வந்து, அங்கே என்ன சாப்பிட்டார்கள் என்பதை ஒரு மாதம் பேசுவார்கள். பெண்களுக்கு அது கிடையாது. எங்கேயும் எழுதி வைக்கவில்லை. விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்பும் தூரத்துக்குத்தான் எங்களை அனுப்புவார்கள், அவ்வளவுதான்.

எல்லாக் கம்பெனிகளும் மார்ச் 31-லேயே கணக்கு முடிக்க வேண்டும் என்று சட்டம் வந்த முதல் வருடம் அது. ஒரே நாளில் ஊரில் உள்ள கிடங்குகளை எல்லாம் எண்ண வேண்டும் என்றால் ஆளுக்கு எங்கே போவது? எங்கள் மேனேஜர் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பட்டியலைப் பார்த்தார். "சுகந்தி, நீ தனியாப் போயிடுவியா?" என்றார். பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனி. புத்தகத்தில் எழுதியிருக்கும் தோல்கள் உண்மையில் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்து வர வேண்டும்.

பக்கத்து நாற்காலி முரளி அன்று இரவே ஹைதராபாத் புறப்படுகிறவன். "உனக்கும் வெளியூர் போட்டாச்சு போல. பல்லாவரமாமே? பாஸ்போர்ட் எடுத்துட்டியா?" என்றான்.

ஹைதராபாத் போனவர்கள் யாரும் தங்கள் பயணத்தை எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

காலை 7.25. தாம்பரம்.

பஸ்ஸுக்கு ஐம்பது காசு. ரயிலுக்கு என்னிடம் சீசன் டிக்கெட் இருந்தது. எழும்பூர் வரைக்கும் எடுத்தது. நடுவில் பல்லாவரத்தில் இறங்குகிறேன் என்று நினைக்கும்போது ஏதோ நஷ்டம் போல இருந்தது. சானடோரியம், குரோம்பேட்டை, அடுத்தது பல்லாவரம். ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர், பதினைந்து நிமிடம். பெண்கள் பெட்டியில் தினமும் என்னோடு வரும் டெலிபோன் ஆபீஸ் அக்கா, நான் பல்லாவரத்தில் எழுந்து நின்றதும் பதறிப்போய், "ஏம்மா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

இறங்கினேன். ஒன்றரை வருடமாக ஜன்னல் வழியே பார்த்த ஊரில் முதல் தடவையாகக் கால் வைத்தேன். எதிரே பாதி வெட்டியெடுத்த கல் மலை, வெயில் பட்டுச் சிவந்து நின்றது. தலைக்கு மேலே மீனம்பாக்கத்தில் இறங்கப் போகும் விமானம் ஒன்று, அதன் சக்கரத்தை எண்ணலாம் போலத் தாழப் போயிற்று. நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். ஊர்க்காரர்கள் யாரும் நிமிரவே இல்லை.

ஸ்டேஷன் வாசலில் ஒரு சைக்கிள் ரிக்‌ஷாக்காரர். பம்மல் போகும் ரோட்டில் தோல் கம்பெனி என்றேன்.

"நாலு ரூபா குடும்மா."

"ரெண்டு கிலோமீட்டர்தானே?"

"போவ ரெண்டு. வாசனையோட திரும்பி வர ரெண்டு. யாரு ஏறுவா அப்பால என் வண்டில?"

மூன்று ரூபாய்க்கு ஒப்புக்கொண்டார். வழி நெடுக அந்த வாசனையைப் பற்றியே பேசினார். "மொத நாளு மூக்கு சண்டை போடும். ரெண்டாம் நாளு கோச்சிக்கும். மூணாம் நாளு ராசியாயிடும்" என்றார். எனக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றேன். "அப்போ சண்டையோடயே போயிடுவ" என்றார்.

காலை 8.30. கம்பெனி.

ஓடு வேய்ந்த நீளமான கொட்டகை. உள்ளே ஆள் உயரத்தைப் போல இரண்டு மடங்கு உயரமுள்ள மரப் பீப்பாய்கள் படுக்கை வாட்டில் சுழன்றுகொண்டிருந்தன. டிரம் என்பார்கள். தோலையும் தண்ணீரையும் மருந்தையும் உள்ளே போட்டு, கதவை மூடி, மோட்டாரில் சுற்ற விடுவது. பச்சைத் தோலாக உள்ளே வருவது பல டிரம் ஏறி இறங்கி, நாலாவது வாரம் வெளிநாட்டுக் கையுறையாகப் போகும் தோலாக வெளியே வரும்.

என்னை அழைத்துப் போனவர் எத்திராஜ், ஸ்டாக் கிளார்க். ஐம்பது வயது, மடித்துக் கட்டிய கைக்குட்டை காலரில். என் சீட்டுக் கட்டைப் பார்த்ததும் கும்பிடாத குறைதான். "மேடம், இந்த சீட்டை நாங்க சாமி படம் மாதிரி பாத்துப்போம். போன வருஷம் ஒரு சீட்டு காத்துல பறந்து போச்சு. உங்க ஆபீஸ்லேருந்து மூணு பக்கம் லெட்டர். எனக்கு மெமோ. இந்த வருஷம் ஃபேனையே நிறுத்திட்டேன்."

உண்மைதான். கிடங்கில் ஃபேன் ஓடவில்லை. வேர்வை வழிய வழிய பன்னிரண்டரை மணி வரை எண்ணினோம். நாற்பது நாற்பதாக அடுக்கின தோல், ஓரத்தை விரலால் தட்டிக்கொண்டே எண்ண வேண்டும். எண்ணி முடித்த அடுக்கில் சீட்டு ஒட்டிக் கையெழுத்து. சுமார் எழுபதாவது கையெழுத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் வந்துவிட்டது. கையெழுத்தின் கடைசியில் ஒரு சுழி கூட்டிக்கொண்டேன்.

பகல் 12.40.

கிடங்கு முடிந்தது, டிரம்கள் பாக்கி. மூன்று டிரம் காலி. நாலாவது மட்டும் மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. வாசலில் தொங்கிய அட்டையில் '412 ஆட்டுத் தோல்' என்று சாக்கட்டியில் எழுதியிருந்தது.

எங்கள் ஆபீஸில் எண்ணப் போகிறவர்களுக்கு ஒரு பக்கத்தில் விதிகள் அச்சடித்துக் கொடுப்பார்கள். முதல் விதி, எண்ணும் நேரத்தில் சரக்கு எதுவும் நகரக் கூடாது. இங்கே நானூற்றுப் பன்னிரண்டு தோல் என் கண் முன்னாலேயே சுற்றிச் சுற்றி நகர்ந்துகொண்டிருக்கிறது!

"இதை நிறுத்துங்க" என்றேன்.

டிரம்முக்குப் பொறுப்பானவர் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். எத்திராஜ் கிடங்கைத் தவிர வேறெதுவும் அறியாதவர். அங்கே நின்ற வாட்ச்மேனுக்கு சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரியும். அவர் போய் அமுக்கினார். டிரம் ஒரு பெருமூச்சோடு நின்றது. சாப்பிட்டுவிட்டு வந்து திறந்து எண்ணிக்கொள்ளலாம் என்று, கதவில் ஒரு சீட்டு, சுவிட்சில் ஒரு சீட்டு ஒட்டினேன். இரண்டிலும் சுழியோடு கையெழுத்து.

பகல் 1.10. சந்தை.

சாப்பாட்டுக்கு எத்திராஜ் என்னைப் பழைய டிரங்க் ரோடு பக்கம் ஒரு மெஸ்ஸுக்கு அழைத்துப் போனார். சாப்பாடு ஐந்து ரூபாய். வாழைக்காய்க் கூட்டு, வத்தக்குழம்பு, அப்பளம். வெளியே வந்தால் ரோடு முழுக்க வெள்ளிக்கிழமைச் சந்தை. "பத்து நிமிஷம் பாக்கலாமா?" என்று கேட்டது நான்தான். எத்திராஜின் மேல் பழி போட மாட்டேன்.

அங்கே இல்லாத சாமான் இல்லை. ரோஜாச் செடி, உடைந்த ரேடியோ, பட்டாளத்து பூட்ஸ், ஆட்டுக்குட்டி, மூடி இல்லாத குக்கர், குக்கர் இல்லாத மூடி. ஒருவர் புறாக்கூண்டு விற்றார். கூண்டு பன்னிரண்டு ரூபாய், புறா தனி. "புறா வாணாம்னா கூண்டு மட்டும் எடுத்துக்கம்மா. தொறந்து வையி. வாடகைக்கு அதுவா வரும்" என்றார். இதைப் பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதிக்கொண்டேன். நல்ல பேச்சைக் கேட்டால் எழுதிக்கொள்ளாமல் என்னால் இருக்க முடியாது. எழுதி முடித்து நிமிர்ந்தபோது மணி 2.10. பத்து நிமிடம் முக்கால் மணி நேரமாகியிருந்தது.

அப்போது கூட்டம் இரண்டாகப் பிளந்தது. நடுவில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், மார்பில் நனைந்த ரப்பர் துணி, கையில் சைக்கிள், ஒருவர் கத்திக்கொண்டு வந்தார். "ஆடிட் மேடம்! ஆடிட் மேடம் யாரு இங்க?" வாசனைக்குப் பயந்து மக்கள் வழி விட்டார்கள்.

எத்திராஜ் கையைத் தூக்கினார். "டேவிட்டு, இன்னாடா?"

"டிரம்மை நிறுத்தி சீட்டு ஒட்டினது யாரு?"

"நான்தான்" என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "மேடம், மருந்து உள்ள கீது. பன்னெண்டு மணிக்குப் போட்டேன். ரெண்டு மணிக்குத் தொறந்து பச்சைத் தண்ணி வுட்டு அலசணும். இன்னும் வுட்டா தோலையே தின்னுடும். நீங்க கையெழுத்து போட்டுக்கீறீங்க. எவனும் கிழிக்க மாட்டேன்றான். மேனேஜர் மீனம்பாக்கம் போய்க்கீறாரு. வாங்க மேடம், கெஞ்சிக் கேக்கறேன்."

சைக்கிள் கேரியரில் ஒரு பக்கமாக உட்கார்ந்தேன். எத்திராஜ் பின்னாலேயே ஓடி வந்து, பாதியில் நின்றுவிட்டார்.

ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்க முடியவில்லை. லாரிக்குப் பின்னால் லாரி. டேவிட் ஒரு காலை ஊன்றி நின்றபடி கைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த இடத்தில்தான் அவர் சொன்னார். நானாகக் கேட்கவில்லை, லாரி போகும் வரை வேறு பேச்சு இல்லாமல் சொன்னது போல இருந்தது. பதினோரு வருடம் தோலில் சதை சீவும் வேலை பார்த்தவர். இந்த மாதம்தான் டிரம் பொறுப்பை அவரிடம் பழக்கத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவர் தனியாக மருந்து போட்ட முதல் லாட் இது. சரியாக வந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மறுபடி சீவும் கத்தி.

"எங்கூட்டுக்காரம்மா இன்னிக்கு பாயசம் வச்சா மேடம். அதான் வூட்டுக்குப் போனேன். தினமும் இங்கயேதான் துன்னுவேன்."

நான் லாரிகளைத் திட்டினேன்.

பகல் 2.35.

டிரம்முக்கு முன்னால் பத்துப் பேர் சும்மா நின்றார்கள். தண்ணீர்க் குழாய் தயாராகப் பீச்சிக்கொண்டிருந்தது. யாரும் என் சீட்டைத் தொடவில்லை. அதைச் சுற்றி ஒரு முழ தூரம் விட்டு நின்றார்கள். தோல் அலசும் சரோஜா அக்கா இடுப்பில் கை வைத்தபடி, "இன்னா மேடம், ஒரு கையெழுத்துல மோட்டாரையே தூங்க வச்சிட்டீங்க? எங்கூட்டாளு கையிலயும் ஒண்ணு போட்டுக் குடுங்களேன், பிராந்திக் கடைக்குப் போறது நிக்கட்டும்" என்றாள். சிரிப்பு வந்தது. ஆனால் டேவிட் சிரிக்கவில்லை.

சீட்டை நானே கிழித்தேன். இரண்டையும் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

இப்போது விதி என்ன ஆவது? கதவைத் திறந்து தண்ணீர் விட்டால் தோல் தொட்டிக்குப் போகும், தொட்டியில் வேறு தோலோடு கலக்கும், அப்புறம் 412 என்பதற்கு அட்டை மட்டும்தான் சாட்சி. ஆபீஸுக்கு போன் பண்ணிக் கேட்கலாம். கேட்டுப் பதில் வருவதற்குள் தோல் கூழாகிவிடும். "தண்ணி விடுங்க. ஒவ்வொண்ணா வெளிய வரும்போது நான் எண்ணிக்கிறேன்" என்றேன்.

"இந்தச் செருப்போடயா?" என்று சரோஜா அக்கா தன் ரப்பர் பூட்ஸைக் கழற்றிக் கொடுத்தாள். நான் புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டேன். டேவிட் குழாயை உள்ளே விட்டார். பழுப்புத் தண்ணீர் பீறிக்கொண்டு வந்தது. வாசனையைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. ரிக்‌ஷாக்காரர் சொன்ன சண்டை அங்கே முடிந்தது, மூக்கு தோற்றது.

முதல் தோலைத் தூக்கி மர ஸ்டாண்டில் எறிந்தபோது சரோஜா அக்கா, "லாபம்!" என்றாள். ஒன்று என்று சொல்லக் கூடாதாம். அப்புறம், "ரெண்டு... மூணு..." எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். நான் ஐந்து ஐந்தாகக் கோடு போட்டேன். தாள் நனைந்தது. பச்சை மை கரைந்து விரலெல்லாம் பச்சை. பென்சில் வாங்கிக்கொண்டு தொடர்ந்தேன். நூறு வந்ததும் ஒரு கைதட்டல். இருநூறில் எத்திராஜ் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். வந்ததும் அவரும் எண்ண ஆரம்பித்தார், தப்பான எண்ணிலிருந்து. எல்லாரும் அவரை அடக்கினோம்.

நானூற்றுப் பதினொன்றோடு நின்றுவிட்டது.

"ஒண்ணு கொறையுது" என்றேன். எல்லாரும் டேவிட்டைப் பார்த்தார்கள். அவர் கதவு வழியே டிரம்முக்குள் இறங்கினார். உள்ளே தோலைப் புரட்டுவதற்காகக் கட்டை கட்டையாக முளை அடித்திருக்கும். கடைசி முளையில் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். நானூற்றுப் பன்னிரண்டு.

அவர் அதைப் பலகை மேல் விரித்துக் கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் ரேகை அப்படியே பதிந்திருந்தது. அதுதான் பதம் பார்க்கும் வழியாம். பதியாவிட்டால் மருந்து போதவில்லை. அழுத்தும்போதே விரல் உள்ளே போனால் மிஞ்சிவிட்டது. ஒவ்வொரு குவியலாகப் போய் அழுத்தினார். நான் பின்னாலேயே போனேன். மேலே இருந்தவை எல்லாம் சரி. டிரம்மின் அடியில் கிடந்த முப்பது முப்பத்தைந்து தோல் மட்டும் கொஞ்சம் குழைந்திருந்தன.

"நீங்களும் அழுத்திப் பாருங்க மேடம்" என்றார் டேவிட். அழுத்தினேன். பச்சை மை அப்பிய என் கட்டைவிரல் தோலில் அழகாகப் பதிந்தது.

"அடி ஆத்தே! ஆடிட் மேடமே கைநாட்டு வச்சிட்டாங்கடோய்!" என்றாள் சரோஜா அக்கா. இந்தத் தடவை டேவிட்டும் சிரித்துவிட்டார். அந்தத் தோலைத் தனியாக எடுத்து நாலு தடவை அலசினார்கள். மை போகவில்லை.

மாலை 5.00.

ஃபாக்டரி மேனேஜர் மீனம்பாக்கத்திலிருந்து திரும்பினார். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, நேராக அடிக் குவியலுக்குப் போய் அழுத்திப் பார்த்தார். "டேவிட், இது என்ன? ரெண்டு மணிக்குத் திறக்கலையா?"

டேவிட் தரையைப் பார்த்தார். கொட்டகையில் அத்தனை பேரும் எனக்காக வாயை மூடிக்கொண்டு நின்றார்கள். ஆடிட் ஆபீஸைக் கம்பெனிக்காரர்கள் காட்டிக்கொடுக்க மாட்டார்கள் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

"நான் நிறுத்தினேன் சார். அவர் சாப்பிடப் போயிருந்தப்போ. உள்ளே மருந்து இருக்குன்னு யாரையும் கேக்கலை. சீட்டு ஒட்டிட்டுச் சந்தைக்குப் போயிட்டேன்" என்றேன். என் தாளையும் நீட்டினேன். நனைந்து காய்ந்த அந்தத் தாளின் அடியில் அதையே இங்கிலீஷில் எழுதியிருந்தேன், நிறுத்திய நேரம், திறந்த நேரம், நிறுத்தியவர் பெயர். அது எங்கள் ஆபீஸ் மேனேஜர் கண்ணுக்குப் போகும். போனால் எனக்கு அடுத்த எண்ணிக்கை கிடைக்காமல் போகலாம். ஆனால் அந்த வரி இல்லாவிட்டால் அந்த முப்பது தோலும் டேவிட் தலையில் விழும்.

ஃபாக்டரி மேனேஜர் இரண்டு தடவை படித்தார். "சந்தைக்குப் போனதையும் எழுதியிருக்கீங்களே?"

"போனேனே சார்."

மேனேஜர் மேல் குவியலுக்குப் போய் நாலைந்து தோலை அழுத்தினார். நிறைய நேரம் அழுத்தினார். பிறகு கண்ணாடியை இறக்கிக்கொண்டு, "அரை மணி நேரம் கூடப் போயும் இவ்வளவு மிச்சம் பண்ணியிருக்கான்னா, போட்ட அளவு சரியாத்தான் இருக்கு. திங்கக்கிழமை லாட்டும் நீயே போடு டேவிட். அந்த முப்பதும் கையுறைக்கு ஆகாது, உள்பக்க லைனிங்குக்குப் போகட்டும்" என்றார். என்னைப் பார்த்து, "டீ சாப்பிட்டீங்களாம்மா?" என்றார்.

டேவிட் "சரிங்க சார்" என்று மட்டும் சொன்னார். அப்புறம் குழாயை மூடாமலே கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் அவர் பூட்ஸுக்குள் போய்க்கொண்டிருந்தது.

மாலை 6.05.

கேட் வரை டேவிட் வந்தார். "மேடம், அடுத்த வருஷமும் நீங்களே வாங்க. முன்னாடியே சொல்லி அனுப்புங்க, பாயசத்தை ஏனத்துல எடுத்தாரச் சொல்றேன். நீங்களும் இங்கயே குந்திக்குங்க, சந்தைக்குப் போவாம" என்றார்.

ஸ்டேஷனுக்கு நடந்தேன். எந்த ரிக்‌ஷாவும் என்னைக் கூப்பிடவில்லை. டீக்கடையில் எழுபத்தைந்து காசுக்கு இன்னொரு டீ. 6.40 தாம்பரம் வண்டி. பெண்கள் பெட்டியில் ஏறியதும் இரண்டு பேர் முந்தானையை மூக்குக்குக் கொண்டு போனார்கள். நான் கதவோரமாகவே நின்றுகொண்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் என் பச்சை விரலையும் புடவைக் கரையையும் பார்த்தார்.

"எங்கம்மா வேலை?"

ஆடிட் ஆபீஸ் என்று சொல்ல வாய் எடுத்தேன். "தோல் கம்பெனியிலம்மா. இன்னிக்கு டிரம்முலேருந்து நானூத்திப் பன்னெண்டு தோலு எடுத்தோம். எல்லாம் தேறிடுச்சு, முப்பது தவிர."

"அவ்வளவு நேரம் நின்னா காலு என்னத்துக்கு ஆகும்? வா, குந்து" என்று நகர்ந்து இடம் கொடுத்தார். தாம்பரம் வரும் வரை, மூன்று ஸ்டேஷன் தூரமும், அந்த முப்பது தோலுக்கு என்ன ஆயிற்று என்று அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன்.